கோத்தகிரிக்குக் கட்டிய பெட்டி

அப்பா இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டிய பதினோரு நாளும் எங்கள் வீட்டில் சண்டையே நடக்கவில்லை. அது ஒன்றே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னைப் போல் கெட்டிக்காரி கேமரன் மலையிலேயே கிடையாது என்ற நினைப்பு வேறு.

மலேசியாவில் எழுபதுகளின் தொடக்கம் அது. தானா ராத்தாவிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை, அதாவது கொழுந்தை வாட்டி அரைக்கிற ஆலையில். அம்மா கொழுந்து எடுத்தாள். இரண்டு பேருக்கும் தேயிலைதான் சோறு போட்டது என்றாலும் கையில் இருந்த அடையாள அட்டை வேறு வேறு நிறம். அம்மா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள், அவளுக்குக் குடியுரிமை உள்ளவர்களின் நீல ஐசி. அப்பா சிறு வயதில் சேலம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர், அவருக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று ஆகி, அப்பாவுடையது அந்தத் தீபாவளியோடு முடிகிறது, மறுபடி கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரியவந்தது. அப்போது என்னிடம் சொன்னது, "அப்பா பெரியப்பாவப் பாக்கப் போறாரு" என்பது மட்டும்தான்.

பெரியப்பா கோத்தகிரியில் இருந்தார். பிழைப்பைத் தேடி அண்ணன் நீலகிரி மலை ஏறினார், தம்பி கப்பல் ஏறினார். இரண்டு பேரும் கடைசியில் தேயிலைச் செடியின் காலடிக்கே போய்ச் சேர்ந்தது அவர்கள் ராசி. கார்த்திகைக்குள் வந்துவிடு, மார்கழியில் இங்கே புல்லின் மேல் பனி உப்பு மாதிரி உறைந்து கிடக்கும், கம்பளி நிறையக் கொண்டு வா என்று பெரியப்பா எழுதியிருந்தார். அதைக் கேட்டு லயமே சிரித்தது.

"கேமரன் மலைக்காரனுக்கே குளிரு சொல்லித் தர்றாரா உங்க அண்ணன்? இந்தியாவுல குளிராம் லா!" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

என்னிடம் அப்பா குன்னூரைப் பற்றியும் ஊட்டியைப் பற்றியும் சொன்னார். ஊட்டியில் ஏரி இருக்கிறதாம், ஏரியில் படகு இருக்கிறதாம், ரயில் மலை மேல் ஏறுமாம். அவரும் பார்த்ததில்லை. பார்த்தவர் மாதிரிச் சொல்லத் தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் ஓர் 'ஆம்' சேர்த்துச் சொன்னார். நான் அதைச் சுற்றுலா என்றே எடுத்துக்கொண்டேன்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த பச்சைத் தகரப் பெட்டியை அப்பா வெளியே இழுத்தார். ஒரு நாளைக்கு ஒரு சாமான் என்ற கணக்கில் அதை நிரப்பினார். சாயங்காலம் ஸ்டோரிலிருந்து வந்ததும் ஏதாவது ஒன்றை உள்ளே வைப்பார், கொஞ்ச நேரம் பார்ப்பார், மூடிவிடுவார். ஸ்டோருக்கு மாறுவதற்கு முன்னால் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கத்தியைச் சாக்கில் சுற்றி வைத்தார். மழைக் காலத்துப் பூட்ஸை வைத்தார். சாமி மேடையிலிருந்து முருகன் படத்தை எடுத்துத் துண்டில் பொதிந்து வைத்தார். ஏரியில் படகு விடப் போகிறவருக்குக் கவ்வாத்துக் கத்தி எதற்கு என்று நான் யோசித்தேன். அப்பாவுக்குப் பெட்டி கட்டத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். சோற்றுக்கு உப்புப் போதவில்லை என்றால் தட்டை லேசாக ஒரு விரல் அளவு தள்ளி வைப்பார். வெந்நீர் வேண்டுமென்றால் வாளியை அடுப்பங்கரை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அம்மாவுக்கு எல்லாம் புரியும். எனக்கும் புரியும் என்று அவர் நம்பினார்.

பெட்டி நிறைய நிறைய எனக்குக் கவலை கூடியது. அதற்குக் காரணம் அத்தைதான். இரண்டு வருஷம் முன்பு ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லி இரண்டு பெட்டியோடு இந்தியாவுக்குப் போனவள் ஏழு மாதம் கழித்துத்தான் வந்தாள். கையில் ஒரு துணிப்பை, காலில் செருப்புகூட இல்லை.

"பெட்டி காலியாவுற வரைக்கும் விடல பிள்ள. இன்னிக்கு ஒரு சொந்தம் வரும், நாளைக்கு ஒரு சொந்தம் வரும். கைலி குடு, தைலம் குடுன்னு நிக்கும். கடைசியில செருப்பையும் கழட்டிக் குடுத்துட்டுத்தான் கப்பலேறுனேன்" என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் மட்டும் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெட்டி காலியாகும்வரை திரும்ப முடியாது. ஆகவே பெட்டியில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் ஆள் வந்துவிடும். இதில் எங்கே தவறு என்று இன்றைக்கு யாராவது கேட்டாலும் சட்டென்று என்னால் சொல்ல முடியாது.

அந்த வருஷம் எங்கள் லயத்தில் பத்து வீட்டில் நாலு வீடு பூட்டிக் கிடந்தது. கூட விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை நான் தனியாகத்தான் இருப்பேன். மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி லயத்து வாசலுக்கு வந்துவிடும், எதிர் வீட்டுப் பூட்டுக்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்போதெல்லாம் அப்பா ஸ்டோரிலிருந்து வருகிற நேரத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவரும் இல்லாவிட்டால் எதை நினைத்து உட்காருவது என்று பயமாக இருந்தது.

ஆகவே வேலையில் இறங்கினேன். முதலில் கத்தியை எடுத்து விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். அன்று சாயங்காலமே அப்பா அதைக் கண்டுபிடித்து, ஒன்றும் கேட்காமல் மறுபடி வைத்துவிட்டார். மறுநாள் பூட்ஸை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதுவும் திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டது. அம்மா எடுத்துவைத்தாள் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒன்பதாவது நாள் பெட்டியைத் திறந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலாக என் சிவப்புச் சுவெட்டர் இருந்தது. அதன் கீழே தீபாவளிக்கு எடுத்த என் புதுக் கவுனும், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிற கம்பளிக் காலுறையும். பெரியப்பாவுக்கு என் வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று கடிதத்தில் வந்தது நினைவுக்கு வந்தது. அவளுக்குக் கொடுக்கத்தான்! என் அப்பாவே என் சுவெட்டரை, முகம் தெரியாத ஒருத்திக்குக் கொடுக்கத் துணிந்துவிட்டார். அதோடு, இதையெல்லாம் அவளுக்குப் போட்டு அழகு பார்த்துவிட்டு வர இன்னும் எத்தனை நாளாகுமோ?

அந்தத் துணிகள் எதற்காக அங்கே இருந்தன என்பதை அம்மா பின்னாளில்தான் சொன்னாள். நான் தூங்கிய பிறகு தினமும் அவர்கள் ரகசியமாகப் பேசியது எல்லாம் ஒரே பேச்சுதான். அப்பா முதலில் போய் வீடு பார்ப்பது, அடுத்த கப்பலில் அம்மாவும் நானும் போய்ச் சேருவது. அம்மாவுக்குப் போக மனசில்லை. அவளுடைய தாயும் தகப்பனும் புதைந்த மண் அது. கடைசியில் அவள் இப்படிச் சொல்லியிருக்கிறாள்: "பிள்ளையக் கேளுங்க. அவ வர்றேன்னு சொன்னா நானும் வர்றேன். இல்லன்னா என்னைய இழுக்காதீங்க."

அப்பா எப்படிக் கேட்பார்? அவருக்குத் தெரிந்த விதத்தில் கேட்டார். என் துணியை எடுத்துத் தன் பெட்டியில், என் கண்ணில் படும்படி மேலாக வைத்தார். இது எதுக்குப்பா என்று நான் ஓடி வந்து கேட்பேன், அதைப் பிடித்துக்கொண்டு பேசிவிடலாம் என்று காத்திருந்தார்.

நான் ஓடி வரவில்லை. கத்தியும் பூட்ஸும் அப்பாவுடையவை, அதனால் திரும்பி வந்தன. இது என் துணி, இதில் யாரும் கை வைக்க முடியாது. மூன்றையும் எடுத்து, எல்லோருக்கும் தெரியட்டும் என்று நடுவீட்டுக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன்.

சாயங்காலம் அப்பா பெட்டியைத் திறந்தார். பிறகு கொடியைப் பார்த்தார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, இத நீயா எடுத்தே?"

"ஆமாப்பா."

"அம்மா எடுக்கச் சொன்னிச்சா?"

"இல்ல. நானாத்தான் எடுத்தேன்."

அப்பா வாய்விட்டுக் கேட்ட கேள்விகளை என் வாழ்நாளில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்று அடுத்தடுத்துக் கேட்டார்.

"பெட்டியில வேணாமா?"

"வேணாம். இதெல்லாம் இங்கதான் இருக்கணும்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான்ப்பா சொல்றேன்." அது சத்தியமான பேச்சு. ஒன்பது நாளாக வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

"சரி" என்றார் அப்பா.

அம்மா அடுப்பங்கரை வாசலில் அகப்பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தியைத் திருப்பி வைத்த அப்பா, பூட்ஸைத் திருப்பி வைத்த அப்பா, என் சுவெட்டரை மட்டும் திருப்பி வைக்கவில்லை. பெட்டி குலுங்காமல் இருக்க, என் துணி இருந்த இடத்தில் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்தார். பேப்பரை எந்தச் சொந்தக்காரரும் கேட்டு வாங்க மாட்டார் என்பதால் அதற்கு நான் தடை சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்று தூங்கப் போனேன்.

அப்பா கோத்தகிரியில் எட்டு வருஷம் இருந்தார். பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். எங்களை வரச் சொல்லி ஒரு வரிகூட எழுதியதில்லை. எப்படி எழுதுவார், நான்தான் தெளிவாகச் சொல்லிவிட்டேனே. அவர் இறந்துபோன தந்தி வந்த அன்றுதான் அம்மா அந்தப் பெட்டி விஷயத்தை என்னிடம் சொன்னாள். "நீ வரமாட்டேன்னுட்டே. நான் உன்னையச் சாக்கா வச்சுக்கிட்டு இருந்துட்டேன்" என்று சொல்லி அழுதாள். நான் எதற்காகத் துணியை எடுத்தேன் என்பதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் இருக்கும்வரை சொல்லவே இல்லை. அவள் தன் பங்குக் குற்றத்தை ஒரு மாதிரி சுமக்கப் பழகியிருந்தாள், அதில் போய் என் முட்டாள்தனத்தையும் ஏற்றிவைக்க மனம் வரவில்லை.

ஆனால் அப்பா கிளம்பிய காலையில் இந்தத் துக்கம் எதுவும் எனக்கு இல்லை. தோட்டத்து லோரியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு வந்தோம். விடிந்தும் விளக்கை அணைக்க விடாத பனி. திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றி வந்த லோரிகள் முகப்பு விளக்கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தன. வழியனுப்ப அத்தையும் லயத்துச் சனங்களும் வந்திருந்தார்கள். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஏழு மாதம் போய்வந்தவளே இப்படி அழுகிறாளே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. அன்று அந்த நிலையத்தில் சிரித்த முகத்தோடு நின்ற ஒரே ஆள் நான்தான்.

பஸ்ஸில் ஏறும் முன் அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அவளத் திட்டாத. சின்னப் பிள்ளன்னாலும் மனசுல உள்ளதச் சொல்லிட்டா."

என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் நிமிர்ந்து நின்றேன். "சீக்கிரம் வந்துருங்கப்பா" என்றேன். அப்பா என் தலையில் கை வைத்தார். "நல்லாப் படி பாப்பா" என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லையே என்று தோன்றியது, ஆனால் பஸ் கிளம்பிவிட்டது. அது வளைவில் திரும்பும்வரை கையை ஆட்டினேன். அப்பா ஜன்னலில் தலையை நீட்டவில்லை.

லோரி செடிக்கு அடிக்கிற மருந்து மூட்டை ஏற்றப் போய்விட்டதால் அம்மாவும் நானும் நடந்து திரும்பினோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். வழக்கமாக வண்டி ஓடுகிற சடக்கில் நடந்தால் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். அன்று பிடிக்கவில்லை. தேயிலைச் சரிவு ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்தபோது, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நீ நெனச்சது நடந்திருச்சு. இப்ப ஒனக்குச் சந்தோஷந்தானே?"

என் யோசனை எப்படியோ அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது, அவளும் என் கட்சிதான் என்று எனக்குப் பூரிப்பாகிவிட்டது.

"ரொம்பச் சந்தோஷம்மா" என்றேன்.

அம்மா நடையை எட்டிப் போட்டாள். மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேரத்தான் இந்த அவசரம் என்று நினைத்துக்கொண்டு, நானும் அவள் பின்னாலேயே ஓடினேன்.