ஆன்டெனா மட்டும் இல்லாத கார்

என்னுடைய 1960-களின் ஸ்போர்ட்ஸ் காருக்கு, அதே காலத்து ரேடியோ ஆன்டெனா தேடி இன்று சென்னீர்குப்பத்தில் ஒரு பழைய பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

எந்த மாடல் என்று சொன்னதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாத்தே, இதே வண்டி நூம்பல்ல ஒரு அபார்ட்மென்ட்ல நிக்குது. செவப்பு கலரு, மேல நீல தார்ப்பாய். அதுல ஆன்டெனா மட்டும்தான் இல்ல. ஸ்டியரிங்கு, லைட்டு, கண்ணாடி எல்லாம் அப்டியே கீது. வோணும்னா சொல்லு, கயட்டிக்கினு வந்துர்லாம். மத்தியானம் வாட்ச்மேன் தூங்கிருவான்."

அது என் கார்.

"வேணாண்ணே" என்று மட்டும் சொல்லித் திரும்பினேன்.

"ஊடு எங்க அண்ணாத்தே?"

"ஆவடி" என்று பொய் சொன்னேன்.

இப்போது காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். வாட்ச்மேன் தூங்குகிறார்.

யாராவது துணைக்கு வருகிறீர்களா? ரேடியோ இருக்கிறது, பாட்டுத்தான் வராது.