ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காத சிப்பு

மீட்டர் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் பழைய கதை பேச ஆரம்பித்தால், வேறு எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த ரீடர் சிப்பு கதைக்குத்தான் வந்து நிற்பாள். மகளுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. அலுத்தால் என்ன, அது அவளுடைய பொற்காலமாயிற்றே!

வண்டிகளுக்கு மின்கருவி செய்கிற கம்பெனியில் அவள் சோதனைப் பிரிவு. கழுத்தில் எப்போதும் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் தொங்கும், அதனால்தான் அந்தப் பேர். கட்டியவர் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் டிரைவர். தங்கமான மனுஷன், ஆனால் சாவியைத் தொலைப்பதில் மன்னன். ஒரே வருஷத்தில் மூன்று சாவி! மூன்றாவது தடவை, நோயாளியை ஏற்றி வைத்துவிட்டு எல்லோரும் சாவி தேடிய கூத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் அவள் கம்பெனியிலேயே வந்து நின்றார்கள். சாவியே வேண்டாம், டிரைவர் அட்டையைக் காட்டினால் வண்டி கிளம்ப வேண்டும் என்றார்கள். "உங்க புண்ணியத்துல எனக்கு வேலை வந்திருக்கு" என்று அவள் அவரைக் கேலி பண்ணாத நாளில்லை.

அட்டையைப் படிக்கிற ரீடர் சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கழித்துக் கட்டியதில் கடைசியாக இரண்டு மிஞ்சின. ஒன்று புத்தம் புதுசு. அட்டையைத் தூரத்தில் காட்டினாலே பளிச்சென்று பச்சை விளக்கு எரியும். இன்னொன்று பழைய மாடல். அட்டையைப் பார்த்து, யோசித்து, அப்புறம்தான் விளக்குப் போடும். அதற்கு அவள் வைத்த பேர் 'பெரியவர்'. மூன்று மாசம் இரண்டையும் சூட்டில் வாட்டினாள், ஐஸில் போட்டாள், குலுக்கோ குலுக்கென்று குலுக்கினாள். எல்லாவற்றிலும் புதுசுதான் ஜெயித்தது. "இது நல்லபடியா முடிஞ்சா, அடுத்த பிரிவுத் தலைவர் நீங்கதான்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இருபத்தோரு வருஷமாக அவள் காத்திருந்த நாற்காலி அது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து.

அன்று காலை ஒன்பதரைக்கு வீட்டுக்காரர் போன் பண்ணினார். மற்ற டிரைவர்களிடம் பெருமையடிக்க வேண்டுமென்று கெஞ்சி, முந்தின நாள்தான் புது சிப்பில் ஒரு சாம்பிளைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உன் சிப்பு மக்கர் பண்ணுது. அட்டையைக் காட்டினா பச்சை எரியுது. ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் ஒரு உறுமு உறுமிட்டு நின்னுடுது. பச்சையும் போயிடுது."

"சாவியையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியாத ஆளு, என் சிப்பைக் குறை சொல்ல வந்துட்டீங்களா?"

"சரி, நீயே வந்து பாரு."

கோபமாகப் போனாள். அவளே நாலு தடவை முயன்றாள். நாலு தடவையும் அதே கதை. பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். இன்ஜினைச் சுற்றும்போது பன்னிரண்டு வோல்ட் சரேலென்று ஏழுக்கு இறங்கியது. அந்த ஒரு நொடியில் புது சிப்பு மயங்கி விழுந்து எழுந்து, பார்த்த அட்டையை மறந்துபோய், திருடன் வண்டியை எடுக்கிறான் என்று நினைத்து இன்ஜினை நிறுத்திவிட்டது. சோதனை மேசையில் கரண்ட் ஒரே சீராக வரும், அங்கே எப்படித் தெரியும்? வாட்டினார்கள், குலுக்கினார்கள். ஒரு பாவியாவது ஒரு வண்டியில் மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை!

அக்கா ஆம்புலன்ஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை. சொல்ல வேண்டியது நீதானே." அவர் டீயை நீட்டினார். "தப்புப் பண்ணிட்டே, அவ்வளவுதானேம்மா? ஆறிடப் போகுது, குடி."

ஆளனுப்பிப் பெரியவரைக் கொண்டுவரச் சொல்லி அதே வண்டியில் மாட்டினாள். ஏழு வோல்ட்டுக்கு இறங்கியும் அந்தப் பழைய சிப்பு அசைந்து கொடுக்கவில்லை, வண்டி கிளம்பியது. பதினொரு மணிக்கு எல்லோர் முன்னாலும் போய் நின்றாள். "நான் தேர்ந்தெடுத்தது தப்பு சார்."

"அப்போ மூணு மாசமா என்னத்தைக் கிழிச்சீங்க?" என்று மேனேஜர் குதித்தார். அவள் பழைய சிப்புக்குக் கையெழுத்துப் போட்டாள். நாற்காலி அவளுக்கு ஏழு வருஷம் பிந்தி வேலைக்கு வந்தவருக்குப் போனது. அன்று சாயங்காலம் வீட்டில் தேம்பித் தேம்பி அழுதாள். "உனக்குப் பதவி போச்சு, எனக்கு வண்டி கிளம்புது. லாபம் எனக்குத்தான்" என்றார் அவர். கரண்டியாலேயே ஒன்று வைத்தாள், அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மனுஷனுக்கு ஏக தைரியம். அவள் போர்வை மடிப்பது தப்பு, கதவு பூட்டுவது தப்பு, ஜோக் சொல்வது தப்பு. "தப்பும்மா, தப்பும்மா" என்று உயிரை வாங்குவார். எத்தனை சண்டை! போன வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மகளும் மருமகனும் அவள் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார்கள்.

போன வாரம் மருமகன் ஒரு இடத்துக்கு வழி கேட்டார். வேண்டுமென்றே தப்பான திருப்பத்தைச் சொன்னாள். "சரிங்க அத்தை" என்று அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். யாராவது மறுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அக்கா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவளே போன் போட்டு, "மாப்ளே, நான் சொன்னது தப்பு" என்றாள்.