மூன்று வேலை பார்க்கும் ஒயர்

எண்ணெய்ப் புட்டியின் கழுத்தில் நூலைச் சுற்றி முடிச்சிடுகிறார் லிஃப்ட் மெக்கானிக். தொங்கும் சீட்டில் ஒரு ஸ்பானிஷ் சொல், தமிழ் எழுத்தில்: 'கேதா'. அதற்கடியில் 'மிச்சம் இருக்கு'. சுவரில் மாட்டிய நகர வரைபடத்துக்கும் ஒரு 'கேதா' உண்டு; அங்கே அது 'எந்தப் பக்கம் இருக்கு'. கதவில் தொங்கும் சட்டைக்கு இன்னொன்று: 'எடுப்பா இருக்கு'.

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஒயரைக் கழற்றுமுன் சீட்டுக் கட்டாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. ஒரே சொல் மூன்று வேலை பார்ப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "இப்படி ஒயரிங் பண்ணவன நான் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்று ஃபோனில் மகனிடம் சலித்துக்கொண்டார்.

மனைவி இருந்தவரை ஸ்பானிஷ் அவள் இலாகா. மருமகளின் மொழி அது. தூரதேசத்தில் வளரும் ஆறு வயதுப் பேத்திக்கு வேறு மொழி வராது. சனிக்கிழமைதோறும் அவளும் மனைவியும் ஃபோனில் அரைமணி நேரம் சிரிப்பார்கள். இவர் பக்கத்தில் பேப்பர் படிப்பார். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வாரமாகிறது. ஒன்றும் பேசாத தாத்தாவைப் பார்த்துப் பார்த்துப் பேத்தி நழுவத் தொடங்கினாள். கட்டாயப்படுத்த வேண்டாம் என்றான் மகன். இவர் கடைக்குப் போய் ஒரு கட்டு அட்டைச் சீட்டு வாங்கி வந்தார்.

மூன்றையும் மனப்பாடம் செய்து, போன வாரம் பேத்தி திரையில் வந்ததும் எவ்வளவு மிச்சம், எந்தப் பக்கம், எடுப்பாக இருக்கிறதா என்று மூச்சுவிடாமல் வரிசையாகக் கேட்டார். எதைப் பற்றி என்று சொல்லவில்லை. குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. "மூணும் வேலை செய்யுது" என்றார் மகனிடம்.

"லிஃப்ட்டுக்கா டெஸ்ட் போடுறீங்க? அவ பயந்துட்டாப்பா."

அன்று அவர் சாப்பிடவில்லை என்பது மகனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த வாரம் வரமாட்டாள் என்றே நினைத்திருந்தார். வந்தாள். புது கவுன். தலையைச் சாய்த்து, 'எனக்கு எடுப்பா இருக்கா?' என்று அவள் மொழியில் கேட்டாள். அவருக்குப் புரிந்தது. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பாதி வாய் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். வெளியே கிளம்பும்போதெல்லாம் மனைவியும் இதைத்தான் கேட்பாள். இவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே "ம்" என்பார்.

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஃபோனை நேராக நிறுத்தினார். பிறகு ஆள்காட்டி விரலை உயர்த்தி, மெல்ல ஒரு வட்டம் போட்டார்: ஒரு சுற்றுச் சுற்று, பார்க்கிறேன்.