தண்ணீர் லாரிகளுக்கு எதிரே நின்ற அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்றைய வழிபாட்டுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய மூத்த மகள் நான் இதை எழுதுகிறேன்.

மாநில எல்லையை ஒட்டிய வடகரப்பதியில் நிலக்கடலை விளைந்த மானாவாரிக் காட்டில் அப்பா பிறந்தார். மழை இல்லாமல் எருதுகளை விற்ற வருடம், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தார். வடக்கே ஒரு பனிமலைக் காவலில், குண்டடிபட்ட தோழர்கள் இருவரை முதுகில் சுமந்து கீழே இறக்கினார். மூன்றாமவரை எடுக்கத் திரும்பியபோது அவர் உயிரோடு இல்லை. அப்பாவுக்கு வீரப்பதக்கம் கிடைத்தது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், அவர் அந்த மூன்றாமவரைப் பற்றித்தான் பேசுவார்.

ஓய்வு பெற்று வந்ததும் போர்வெல் வண்டி வாங்கினார். தொழில் செழித்தது. ஆனால் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கின. ஒரு கோடையில் பெரியப்பா தோட்டத்தில் எவ்வளவு ஆழம் இறக்கியும் வெறும் புழுதிதான் பறந்தது. பக்கத்துத் தண்ணீர் ஆலையிலிருந்து மட்டும் லாரிகள் நிறைந்து போய்க்கொண்டிருந்தன. அன்றோடு அப்பா தொழிலை விட்டார். அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்று பஞ்சாயத்து பிரசிடண்ட் ஆனார்.

ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தபின் வீட்டின் நிம்மதி போயிற்று. எங்கள் தோப்பில் சொட்டுநீர்க் குழாய்கள் அறுபட்டுக் கிடந்தன. ஆதரவு சொன்ன உறுப்பினர்கள் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். ஒருநாள் அப்பா இல்லாத நேரத்தில், முன்பின் அறியாத இருவர் வந்து மரியாதையாக உட்கார்ந்தார்கள். அம்மா காப்பி கொடுத்தார்.

"ஏனுங்க, பிரசிடண்ட் தெனமும் ஸ்கூட்டர்லதானுங்களா போறாரு? எந்த ரோட்டுலீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா வந்ததும் அம்மா அழுதார். "இந்தத் தீர்மானம் வேண்டாமுங்க. உட்டுருங்க."

"பட்டாளத்துல எதிரி எந்தப் பக்கம் இருக்கறான்னு தெரியும். இங்க நம்மூட்டுலயே காப்பி குடிச்சுப்போட்டுப் போறான்," என்றார் அப்பா. காப்பி டம்ளர்களை எடுத்து வைத்தபடி, "எனக்கும் பயமாத்தான் இருக்குது. அதுக்காக ஊரைத் தாகத்துல உட முடியுமா?" என்றார். அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

தீர்மானத்தின் மீது ஓட்டெடுத்த கூட்டத்தன்று மதியம் எனக்குப் போன் செய்தார். "அம்மிணி, ஒரே ஓட்டுல ஜெயிச்சுட்டோம். சாப்பாட்டுக்கு வாறேன்னு அம்மாகிட்டச் சொல்லு."

அம்மா இலை போட்டுக் காத்திருந்தார். எல்லைச் சாலையின் வளைவில், பின்னால் வந்த டேங்கர் லாரி அப்பாவின் ஸ்கூட்டர் மீது மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பர் பலகையில் சேறு பூசியிருந்ததாம். விபத்து என்றுதான் போலீஸில் முதலில் எழுதினார்கள்; பிறகுதான் அது கொலை வழக்காயிற்று. ஆலை மூடிக் கிடக்கிறது. திறக்கப் போவதாகப் பேச்சும் இருக்கிறது.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய ஆட்டோக்காரர்களுக்கும், காரியங்கள் முடியும்வரை எங்களோடு தங்கிய பட்டாளத்துத் தோழர்களுக்கும், ஊர் மக்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று வளைவுக்கு அருகே இருந்து, லாரி வேகம் கூட்டியதைக் கண்ணால் பார்த்தவர். கோர்ட்டில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். "எம்பேரைப் போட்டுக்கோ கண்ணு, எனக்கென்ன," என்றார். நாங்கள்தான் போடவில்லை. அடுத்த மாதம் அவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அதுவரை அவர் பத்திரமாக இருக்க வேண்டும்.