மத்தியக் கிழக்கைத் தூக்கிப் பிடித்தவன்

உலக அரசியலைப் படிக்க மூளை வேண்டும் என்பார்கள். நான் படித்த இடத்தில் தோள்பட்டை போதும்.

எங்கள் தீவின் தெற்கே, ரிவியேர் தே ஸாங்கீ ஊரில் எங்கள் மன்றத்துக்குக் கருங்கல் சுவர், ஆணி ஏறாது. சனிக்கிழமை சாயங்காலம் வேலாயுதம் மிஸ்யே அங்கே வகுப்பு எடுப்பார். பள்ளிக்கூட வாத்தியார், அதனால் எல்லாருக்கும் மிஸ்யே, அதாவது ஐயா. லண்டன் தேர்வுக்காக மத்தியக் கிழக்கு நாடுகளின் சண்டை சமாதானங்களைத் தபாலில் படித்து, ஒரு தடவை தோற்றவர். சுதந்திரம் வரப்போகிறது, வெளியுறவுக்கு ஆள் எடுப்பார்கள். இந்தத் தடவை தேறினால் வேலை. வேலை கிடைத்தால்தான் பாம்ப்ளமூஸ் ஊரில் பேசி வைத்திருந்த பெண் தனத்தோடு கல்யாணம். வாய்விட்டுச் சொன்னால் மனதில் நிற்கும் என்று படித்ததையெல்லாம் எங்களிடம் ஒப்பித்தார். மன்றத்தைப் பெருக்குகிற எனக்கு, அவர் குச்சியால் காட்டிப் பேசுகிற வரைபடத்தை இரண்டு மணி நேரம் விரித்துப் பிடிக்கிற வேலையும் சேர்ந்தது. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை எதையாவது பிடித்துக்கொண்டு நின்றவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பேச்செல்லாம் முக்கால்வாசி எங்கள் தீவு மொழியான க்ரியோல், தமிழில் தருகிறேன்.

யாருக்குக் கிழக்கு?

முதல் வரிசையில் மாரியாயி அக்கா. கரும்பு வெட்டிக் கை காய்த்துப்போனவர். சந்தைக்கு வந்துவிட்டு, பக்கத்து ஊரான சுரினாமுக்குப் பஸ் வரும்வரை பெஞ்சுக்காக வகுப்பில் உட்காருவார். “நம்ம தீவுக்கு அது வடக்கே இல்ல இருக்கு? ஏன் மிஸ்யே கிழக்குங்கிறீங்க?” என்றார். லண்டனிலிருந்து பார்த்தால் கிழக்கு என்று மிஸ்யே பொறுமையாக விளக்கினார்.

அக்கா கூடையை மடியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: “அயோ, அந்த ஜனங்க தங்களோட ஊரைத் தங்களோட வாசல்ல நின்னு பார்க்கக்கூட லண்டனுக்குப் போகணுமா?”

நேரில் பார்த்தவர்

வகுப்புக்கு வருகிற இன்னொருவர் லட்சுமணன், யுத்தகாலத்தில் எகிப்தில் ராணுவச் சமையலறையில் இருந்தவர். அதனால் மிஸ்யே எதைச் சொன்னாலும் தொண்டையைச் செருமுவார். ஒருநாள் மிஸ்யே பொறுக்கமாட்டாமல், “சரி, அந்தப் பிரதேசத்தின் அடிப்படைப் பிரச்சினை என்ன, நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

“ஈ,” என்றார் லட்சுமணன்.

பலான்ஸ்

சூயஸ் கால்வாயை யார் வைத்துக்கொள்வது என்று மிஸ்யே ஒன்றரை மணி நேரம் பேசினார். ஒப்பந்தம், உடன்படிக்கை, ஒப்பந்தத்தை மீறிய உடன்படிக்கை. எனக்கு இடது கை மரத்துப்போய், ஒரு நாடு முழுக்கத் தரையைத் தொட்டுவிட்டது. அது எந்த நாடு என்று ஒருவரும் கவலைப்படவில்லை.

மாரியாயி அக்காதான் குறுக்கே வந்தார். “இது மில்லுல கரும்பு எடை போடுற பலான்ஸ் மாதிரிதானே? வயல் யாருதா இருந்தா என்ன, பலான்ஸ் பக்கத்துல நிக்கிறவன் சொல்றதுதான் எடை. வண்டிக்காரன் எல்லாம் அவனுக்குத்தான் சலாம் போடுவான்.” மிஸ்யே முகம் சுண்டிவிட்டது. “இது சர்வதேச உறவு அக்கா. கரும்பு இல்லை.”

“கரும்பு வெட்டுக் காலத்துல அந்த வண்டி வரிசையில ஒரு நாள் நில்லுங்க மிஸ்யே, எல்லா உறவும் தெரியும்.”

நான் தூது போனது

தேர்வுக்கு ஒரு தடித்த புத்தகம் கட்டாயம் தேவை என்று மிஸ்யே இங்கிலாந்துக்கு எழுதியிருந்தார். புத்தகம் கப்பல் ஏறியது. அதற்குள் அங்கே சண்டை மூண்டு, கால்வாயை மூடிவிட்டார்கள். கால்வாயைப் பற்றிய புத்தகம், கால்வாய் மூடியதால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ வருகிறது! மிஸ்யே சோறு தண்ணீர் விட்டார். தேர்வை ஒரு வருஷம் தள்ளிப் போடலாமா என்று தனத்தின் அப்பாவிடம் கேட்டுவர என்னை அனுப்பினார். அத்தனை நாடுகளைக் கையில் பிடித்தவனுக்கு ஒரு மாமனாரைப் பிடிக்கத் தெரியாதா என்ற நம்பிக்கை.

போய், கால்வாய் நிலவரத்தை விவரமாகச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். எனக்குத் தேநீர்கூடக் கொடுத்தார்.

“கால்வாய் திறக்கிற வரைக்கும் நீங்க காத்திருங்க. என் பெண்ணைக் கேட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்தே ஆள் வருது, அவங்களுக்குக் கப்பல் வேண்டாம்.”

தனம் சொன்னது

வேறு வழியில்லாமல் மிஸ்யே புத்தகம் இல்லாமலே தேர்வு எழுதினார். கால்வாய்க் கேள்விக்குக் கை வெறுமையாக இருந்ததாம். கண்ணை மூடிக்கொண்டு பலான்ஸையும், பக்கத்தில் நிற்கிறவனையும், சலாம் போடுகிற வண்டிக்காரர்களையும் நல்ல இங்கிலீஷில் எழுதிவைத்தார். தேறிவிட்டார், வேலையும் உறுதியானது. மாரியாயி அக்காவிடம் இதைச் சொல்ல அவருக்கு மூன்று சனிக்கிழமை பிடித்தது.

கல்யாணம் முடிந்த பிறகு புத்தகம் வந்து சேர்ந்தது. தனம் அதைத் தூக்கிப் பார்த்தாள், கனத்தது. நாலு பக்கம் புரட்டினாள்.

“இது நேரத்துக்கு வந்திருந்தா, இதையே எழுதித் தோத்திருப்பீங்க, நான் இந்நேரம் பக்கத்துத் தெருவில இருந்திருப்பேன்.”

வெளியுறவு

சுதந்திரக் கொடி ஏறியது, மிஸ்யேவுக்கும் தலைநகர் போர் லூயியில் ஒரு நாற்காலி கிடைத்தது. முதல் மாதம் அவரைப் பார்க்கப் போனேன். புது அலுவலகம், புதுச் சுண்ணாம்பு. சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதம் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே பெரிய மனிதர்கள் உட்கார்ந்து உலகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நம் மிஸ்யே ஒரு மூலையில் இரண்டு கையையும் விரித்து வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் தோளைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். தன் சின்ன வயதிலிருந்து என்னைத் தொந்தோன், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவார்.

“தொந்தோன், அத்தனை சனிக்கிழமையும் உங்களுக்கு இப்படித்தான் வலிச்சுதா? நான் ஒரு நாள்கூடக் கேட்கலையே.”

நாடுகளைப் பற்றி இத்தனை காலம் நின்றுகொண்டே நான் கற்றது இவ்வளவுதான்: குச்சியால் காட்டிப் பேசுகிறவனுக்கு என்றைக்கும் தோள் வலிப்பதில்லை.