மழை நாளில் செத்த காலேஜ்

மழை எங்கள் வீட்டுக்குள் வாசல் வழியாக வருவதில்லை. பாத்ரூம் வழியாக வரும். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் தெருவில் தரைத்தள வீடு. வெளியே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால், உள்ளே பாத்ரூம் குழாய் தொண்டையைச் செருமும். 'க்ளுக்' என்று ஒரே ஒரு சத்தம். 2015-ல் வந்த அந்தப் பெரிய வெள்ளமும் அப்படித்தான் ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் கட்டில் நனைந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால், எனக்கு ஐம்பத்தொரு வயது என்பது என் கால்களுக்கு மறந்துவிடும். பத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

பத்திரப் பை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. வீட்டுப் பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, மார்க் ஷீட், பில்கள், எல்லாம் மூன்று பிளாஸ்டிக் கவருக்குள். மழை வலுத்தால் மற்றவர்கள் அதை மனைவி கையில் கொடுத்து, மனைவியை மாடி வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்கு மாடியும் இல்லை, மனைவியும் இல்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். அக்கா கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, "வித்துட்டு வாடா" என்கிறாள். ஆகவே நானும் பையும் ஒருவரை விட்டு ஒருவர் பிரிவதில்லை.

சரி, ஓடி எங்கே போவது? தியேட்டரில் "ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஓட்டலில் "ஒருத்தரா சார்?" என்று சுவரைப் பார்த்த மேஜையாகக் காட்டுகிறார்கள். யோசித்துப் பார்த்தேன். தனியாக ஓர் ஆள் ஒரே இடத்தில் அரைமணி நேரம் நின்றால் மரியாதை கிடைக்கிற இடம் மெட்ராஸில் ஒன்றுதான். எழும்பூர் அருங்காட்சியகம். செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வைத்திருப்பதால் அப்பா தலைமுறையில் அதற்குச் செத்த காலேஜ் என்று பேர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரே வண்டி. அங்கே ஓர் ஓவியத்தின் முன்னால் நான் அசையாமல் நின்றால், பெரிய ரசிகர் போலிருக்கிறது என்று பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். கண் படத்தில் இருக்கும். காது சேலையூர் பாத்ரூமில் இருக்கும்.

பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதனால் ரெயின்கோட்டுக்குள் போட்டுக்கொண்டு போவேன். இரண்டு மழைக்காலம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போன நவம்பரில் ஒரு நாள் காலை 'க்ளுக்' கேட்டு ஓடிவந்தபோது, பை வைக்கும் கவுன்டரில் ஓர் அம்மா புதிதாக உட்கார்ந்திருந்தார்.

"சார், கோட்டுக்குள்ள இன்னா?"

"தொப்பைம்மா."

"தொப்பைக்கு ஜிப் கீதே சார்."

கொடுத்துவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் டோக்கன் தந்தார். குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவன் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். வழக்கமாகத் திமிங்கல எலும்புக்கூட்டுக்கு ஒரு வணக்கம் போடுவேன். காலமெல்லாம் தண்ணீரில் இருந்துவிட்டு, கடைசியில் ஒரு சொட்டு ஒழுகாத இடமாகப் பார்த்து செட்டிலானவர். எங்கள் தெருவே அவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அன்றைக்கு அவரிடமும் மனம் ஒட்டவில்லை.

ஓவியக் கூடத்தில் நிற்கும்போது எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. யாருடைய வீடோ, ஒரு ஹால், அதில் மிதக்கிற சோபா. பழைய வீடியோவா இன்றையதா என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு, "சார், நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா?" என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று காலையிலிருந்து அது ஆறாவது தடவை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். மேலே ஃபேன் ஓடியும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. என்னை வேடிக்கை பார்க்க ஒரு பள்ளிக்கூட வரிசை நின்றுவிட்டது. நான்தான் அடுத்த காட்சிப்பொருள் என்று நினைத்திருக்கும்.

வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கவுன்டருக்கு வந்தால் டோக்கனைக் காணோம். சட்டைப் பை, பேன்ட் பை, பர்ஸ், குடையின் உள்புறம். ஷூவைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். ஷூவுக்குள் டோக்கன் வைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த நேரத்தில் என்னைப் பற்றி எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"பதறாத சார். உள்ள உங்க ஆதார் கீதா?" என்று அந்த அம்மா பையைத் திறந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அதுலயும் இதே பயந்த மூஞ்சிதான் சார். நீங்கதான்."

அடியில் ரேஷன் கார்டு. "ஒரே பேருதான் கீது?"

"சர்க்கரை ஒருத்தருக்கு ஒரு மாசம் தாராளமா வரும்மா."

அவர் சிரிக்கவில்லை. ஒரு நோட்டை என் பக்கம் திருப்பினார். டோக்கன் தொலைத்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு. பெயர், முகவரி, போன் நம்பர். கடைசிக் கட்டத்தில், வீட்டில் இருப்பவர் நம்பர்.

"வூட்ல யாருனா ஒருத்தர் நம்பர் எழுது சார். போட்டு ஒரு வார்த்த கேட்டுட்டு குடுத்துர்றேன்."

பேனாவைப் பிடித்தபடி நின்றேன். அக்கா நம்பரைக் கொடுத்தால், மழையில் பத்திரத்தோடு நான் எழும்பூரில் நிற்கிற கதை தெரிந்து, இந்த வாரமே வீட்டை விற்றுவிடுவாள். ஆபீஸ் நண்பர்கள் இதை வருஷம் பூராவும் சொல்லிச் சிரிப்பார்கள். வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. பைக்குள் தெரிந்த இன்டர்நெட் பில்லைப் பார்த்து, அதிலிருந்த லேண்ட்லைன் நம்பரை எழுதினேன். இணைப்போடு இலவசமாக வந்த போன். பேச ஆளில்லாததால் துடைப்பதோடு சரி.

அந்த அம்மா தன் போனில் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தார்.

"ரிங் போவுது சார்."

"என்னம்மா?"

"ரிங் போவுதுன்றேன். யாரும் எடுக்கல."

அந்த போனுக்கு உயிர் கொடுக்கும் இன்டர்நெட் பெட்டி டிவி ஸ்டாண்டுக்கு அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் சாவது அதுதான். கரண்ட் போனாலும் சாகும். அடிக்கிறது என்றால் ஹால் காய்ந்திருக்கிறது. பாத்ரூம் வெறுமனே தொண்டையைச் செருமியிருக்கிறது.

"வீட்ல யாரும் இல்லம்மா," என்றேன். அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

"அப்ப இன்னாத்துக்கு சார் இந்த நம்பர்?"

பெட்டி, சாண், குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். அந்த அம்மா பையின் ஜிப்பை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்டர் மேல் வைத்தார். ட்ரிங், ட்ரிங் என்று சேலையூரில் என் வீடு அடித்துக்கொண்டிருந்தது. நான் இல்லாதபோது அது எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகக் கேட்டேன். நான் இருக்கும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கலகலப்பாகத்தான் இருந்தது.

தானாகவே கட்டாகிவிட்டது.

"இன்னொரு வாட்டி போடட்டா சார்?"

"போடுங்கம்மா," என்றேன்.