அத்தையின் முப்பது குஞ்சுகள்

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, நான் படுக்கிற அறையில் முப்பது கோழிக்குஞ்சுகளும் இருந்தன. அவை அத்தையுடையவை. அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்க முடியாமல், ஒற்றைப் பையோடு திருமானூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். தனக்கென்று கையில் ஏதாவது வரட்டும் என்று அந்தக் குஞ்சுகளை வாங்கியிருந்தாள். அட்டைப்பெட்டியில் உமியைப் பரப்பி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு வளர்த்தாள். கொல்லையில் கம்பிவலை அடித்து அவளே ஒரு கூண்டும் தயார் செய்தாள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருநாள் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பாவுக்கு பேங்கில் வேலை. அவளேதான் வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னாள். குஞ்சுகளை வெளியே விடச் சொல்லி நான் அத்தையிடம் மன்றாடினேன்.

"இன்னும் பத்து நாளு போவட்டும் பாப்பா. இறக்கை மொளைக்காம வுட்டா குளிரு தாங்காது" என்றாள்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கரும்புக் காட்டுக்குப் போய்விட்டார்கள். அத்தை குஞ்சுத் தீவனம் வாங்க அரியலூருக்கு பஸ் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் குஞ்சுகளை இரண்டிரண்டாக அள்ளிக்கொண்டுபோய்க் கூண்டில் விட்டேன். உமியைக் கொட்டி, அறையைக் கழுவி, ஊதுபத்தி கொளுத்தினேன். நல்ல வெயில். குஞ்சுகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தோழி வந்தாள். மதியத்துக்குமேல் திடீரென்று இருட்டிக்கொண்டு காற்றும் மழையுமாக அடித்தது. குஞ்சுகளின் ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் எழுந்து போனால் எல்லாவற்றையும் இவள் கண்ணெதிரே உள்ளே கொண்டுவர வேண்டும். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

மழை விட்டு அவள் போனபிறகுதான் கொல்லைக்குப் போனேன். குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, கூண்டின் மூலையில் நனைந்த பஞ்சுக் குவியல்போலக் கிடந்தன. அடியில் இருந்தவை அசையவில்லை. தொடக்கூட பயந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அம்மாவோடு காட்டிலிருந்து திரும்பிய அப்பாதான் முதலில் பார்த்தார். "யாரு இதுவள வெளில வுட்டது?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே, தீவன மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தை கொல்லைப் பக்கமாக வந்தாள்.

"அத்தைதான் காலையில வுட்டுட்டுப் போச்சு" என்றேன்.

அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூட்டையை இறக்கி வைத்தாள்.

"ஆமாண்ணே. வெயிலா இருக்கேன்னு நாந்தான் வுட்டேன்."

"ஒரு காரியத்த உருப்படியா செய்யத் தெரியுதா ஒனக்கு? வாழப் போன எடத்துலயும் இப்படித்தான் இருந்திருப்ப" என்றார் அப்பா. அம்மா உள்ளே போய்விட்டாள்.

அத்தை கூண்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினேழு செத்திருந்தன. மீதியை மடியில் கட்டிக்கொண்டு அறைக்கு வந்து, முந்தானையால் துவட்டி பல்புக்கு அடியில் வைத்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். கழுவின தரையையும் ஊதுபத்திச் சாம்பலையும் அவள் பார்த்தாள். "அந்தத் துணிய எடு பாப்பா" என்றாள். அதைத் தவிர அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்தக் குஞ்சுகளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

அடி விழாமல் என்னைக் காப்பாற்றிவிட்டாள், அத்தைக்கு என்மேல் அவ்வளவு பிரியம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் நான் சொன்னதை மறுப்பதென்றால், அண்ணன் மகள் பொய் சொல்கிறாள் என்று அண்ணனிடமே அவள் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த வீட்டில் அப்படிச் சொல்கிற இடத்தில் அவள் இல்லை. அது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.